கோட்டைச் சுவரின் சாம்பல் நிறம்

வேலூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை விடாமல் போடு. இங்கே எல்லோரும் சௌக்கியம், சின்னவளுக்குக் காட்பாடியில் வேலை கிடைத்திருக்கிறது.

பிளெக்ஸ் வந்த பிறகு போர்டு வேலை அநேகமாக நின்றே போச்சு. எப்போதாவது ஒரு பள்ளிக்கூடச் சுவர், லாரிக்கு நம்பர், அவ்வளவுதான். ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் ஆறு மாதமாக வாட்டர்கலர் பழகுகிறேன். விடிந்ததும் தண்ணீர் பாட்டிலோடு கோட்டை அகழி ஓரம் போய் உட்கார்ந்துவிடுவேன்.

முதல் இரண்டு மாதம் ஒன்றுமே வரவில்லை. நாற்பது வருஷம் எனாமலில் பழகின கை இல்லையா! எனாமல் எதையும் மூடிவிடும், தப்பு வந்தால் டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு மேலே இன்னொரு கோட்டு அடிக்கலாம். இதில் வெள்ளை வேண்டுமென்றால் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். நம்ம ஊர் வெயில் வேறு, வானத்தில் பாதி பூசுவதற்குள் காய்ந்து ஓரத்தில் கோடு கட்டிக்கொள்கிறது. இப்போது காகிதத்தை இரண்டு பக்கமும் நனைத்து ஒரு பிளாஸ்டிக் பலகையில் ஒட்டவிடுகிறேன், கொஞ்ச நேரம் ஈரம் தாங்குகிறது.

கோட்டைக் கல்லுக்குக் கருப்பு கலந்து பார்த்தேன், சுவர் செத்துக் கிடந்தது. அப்புறம் ஒருநாள் அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்கிற காவியையும் தட்டில் கலக்காமல் ஈரக் காகிதத்திலேயே சேரவிட்டேன். நீலத்தூள் காகிதத்தின் குழிகளில் போய் உட்கார்ந்தது, காவி அதைச் சுற்றிப் படர்ந்தது, காய்ந்ததும் பார்த்தால் புள்ளி புள்ளியாக அசல் கருங்கல்! அந்த இரண்டு அங்குலத்தை அன்றைக்கு எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேனோ.

அப்போதுதான் நமக்கு போர்டு எழுதக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் ஞாபகம் வந்தார். 1978-இல் அரசு எழுத்தைச் சீர்திருத்திய பிறகும் 'விற்பனை நிலையம்' என்று எழுதும்போது னைக்கும் லைக்கும் யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கும் பழைய ஐகாரக் கொம்பைத்தான் வளைப்பார், நினைவிருக்கிறதா? நூல் அடித்து, சாக்பீஸால் எழுத்தைக் குறித்துவிட்டு, எதிர்ச்சாரிக்குப் போய் நின்று பார்க்கச் சொல்வார். ண அகலமாக உட்காரும், ர ஒல்லியாக நிற்கும், ஸ்கேல் வைத்துச் சமமாக இடம் விட்டால் போர்டு பல் விழுந்த மாதிரி இருக்கும். "எழுத்தைப் பார்க்காதே, நடுவில் இருக்கிற இடைவெளியைப் பாரு" என்பார். காகிதத்தை விடுவதும் அதே வேலைதானே! தெரிந்த வித்தையையே இரண்டு மாதம் தேடியிருக்கிறேன்.

வீட்டில் அவள் கிழிந்த புடவைகளில் மிதியடி பின்னுகிறாள். மாம்பழ மஞ்சளுக்குப் பக்கத்தில் நேரே பச்சையை வைக்காமல் நடுவில் ஒரு மங்கல் துணியை ஓட்டுகிறாள். ஏன் என்றால், "இல்லாட்டி கண்ணைக் குத்துது" என்கிறாள். அதைப் பார்த்துத்தான் அகழித் தண்ணீருக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு சாம்பல் பட்டை விட்டேன், படம் அடங்கி உட்கார்ந்தது.

கண் சரியானதும் வா. வரும்போது 300 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம் பத்து தாள் வாங்கி வா, மெல்லிசுக் காகிதம் நனைந்தால் அப்பளம் மாதிரி சுருண்டுவிடுகிறது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளியை இரண்டு பேருமாக வரையலாம். வாயை நீ போடு, எனக்கு அந்தப் பல் வரிசை இன்னும் பிடிபடவில்லை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி