சிவப்பு மை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. பழைய மெசபடோமியாவின் அசீரியப் பேரரசைப் பற்றி நீ எழுதிய புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பி ஐந்து வாரம் ஆகிறது. வந்து சேர்ந்ததா என்று அம்மா தினமும் கேட்கிறாள். லண்டன் தபால் இப்போதெல்லாம் தாமதமாகிறது என்று போஸ்ட்மேன் சொன்னார். அதுதான் காரணமாக இருக்கும்.

இங்கே எல்லோரும் நலம். மாடிக் குழாயை மாற்றியாயிற்று. சித்தி பெண்ணுக்குத் தையில் நிச்சயம். அதை அப்புறம் எழுதுகிறேன். முதலில் அந்த வரைபடம். அதைச் சொல்லி முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

மூன்றாம் அத்தியாயத்துப் படத்தில் எகிப்து, பாபிலோன், ஏலாம் நாட்டுச் சூசா மூன்றுக்கும் ஒரே காவி பூசி, கீழே ‘அசீரியப் பேரரசு’ என்று போட்டிருக்கிறாய். எந்த ஆண்டுப் பேரரசு, அம்மாடி? அசீரிய அரசர் எசரத்தோன் எகிப்தின் மெம்பிசைப் பிடித்தது கி.மு. 671. அவர் மகன் அசூர்பனிபாலின் படை சூசாவைச் சூறையாடியது 647 வாக்கில். அதற்குள் எகிப்து கைநழுவிவிட்டது. நடுவே 652 முதல் 648 வரை பாபிலோனில் அசூர்பனிபாலின் கூடப் பிறந்தவனே கலகம் செய்தான். ஒருநாளும் சேர்ந்தாற்போல் கையில் இல்லாத நிலங்களுக்கு ஒரே வண்ணமா? கப்பம் கட்டிக்கொண்டு தன் அரசனோடு இருந்த, எருசலேமைச் சுற்றிய யூதா நாட்டுக்கும் அதே காவி. மித்தானி என்ற பழைய அரசின் தலைநகரான வாசுகன்னி இன்ன இடம்தான் என்று இன்னும் முடிவாகவில்லை. உன் படத்தில் அழுத்தமாக ஒரு கறுப்புப் புள்ளி. அசீரியரின் தலைநகராக இருந்த நிம்ரூத் அந்தக் காலத்தில் டைக்ரிஸ் கரையிலேயே இருந்த ஊர். பிறகு ஆறு மேற்கே விலகிப் போய்விட்டது. உன் படத்தில் ஓடுவது இன்றைய ஆறு. யார் வரைந்தது, எதைப் பார்த்து வரைந்தது என்று கேட்டாயா? அச்சில் வந்துவிட்டதாலேயே ஒன்று ஆதாரமாகிவிடாது.

ஹலூலே போரை எழுதியிருக்கிறாயே, அந்தப் பக்கத்தை மாலையில் நண்பர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கி.மு. 691இல் ஒன்றரை லட்சம் பேரை வெட்டிச் சாய்த்ததாக அசீரிய அரசர் சனகெரிப் பொறித்து வைக்கிறார். பாபிலோனியரின் ஆண்டுக் குறிப்பான நாளாகமம் அசீரியப் படை பின்வாங்கியது என்று ஒரே வரியில் முடிக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நீ ஒன்றும் சொல்லாமல் நகர்ந்த அழகு எனக்கு வராது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கூட ஒரு நிமிடம் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

அப்படி எழுதத் தெரிந்தவள், எருசலேம் முற்றுகையில் மட்டும் ஏன் ஏமாந்தாய்? 701இல் சனகெரிப் 2,00,150 பேரைச் சிறைபிடித்தார் என்று உன் சொந்த வாக்கியமாக எழுதியிருக்கிறாய். அது அந்த அரசரே சுடுமண் பட்டகத்தில் எழுதவைத்த கணக்கு. யூதா அரசன் எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்தேன் என்கிறார். நகரைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை. எசேக்கியா கட்டிய கப்பத்தில் பொன் முப்பது தாலந்து (பழைய எடை அளவு) என்பதில் பட்டகமும் விவிலியமும் ஒத்துப்போகின்றன. வெள்ளியில் அவர் 800 என்கிறார், விவிலியம் 300 என்கிறது. யூதாவின் லாகீஸ் நகர முற்றுகை அசீரியத் தலைநகர் நினிவேயின் அரண்மனையில் ஓர் அறைச் சுவர் முழுக்கச் செதுக்கப்பட்டிருக்கிறது. பட்டகத்திலோ அந்த ஊரின் பெயரே இல்லை. கர்கார் போரையும் பார். அசீரிய அரசர் மூன்றாம் சல்மனாசார் கொன்றதாகச் சொல்லும் எதிரிகள் முதலில் 14,000. பின்னால் வந்த கல்வெட்டுகளில் 20,500, 25,000, 29,000. செத்தவர்கள் எண்ணிக்கை கல்வெட்டுக்குக் கல்வெட்டு மாறுகிறது! யார் எழுதியது, எப்போது எழுதியது, யாருக்குக் காட்ட எழுதியது என்று பார். சொன்னதையே சொல்கிறேன், தெரிகிறது.

இதையெல்லாம் பென்சிலில் ஓரமாகக் குறித்திருக்கலாம். சிவப்பு மை வேண்டியிருக்கவில்லை. முப்பத்தாறு வருடப் பழக்கம், கை தானாக அந்தப் பேனாவுக்குப் போகிறது. அம்மா அப்போதே சொன்னாள்.

உன் பிரதியில் நினிவேயின் வீழ்ச்சி கி.மு. 612 என்று சரியாக இருக்கிறது. அதன் கீழே மட்டும் லேசாக ஒரு கோடு இருப்பதைப் பார்த்திருப்பாய். நான் எதையும் திருத்தவில்லை, பேனா அங்கே நின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் நீ 612 என்றுதான் எழுதினாய். நான் அடித்துவிட்டு 606 என்று போட்டேன். நூலகத்துப் புத்தகத்தில் படித்தேன் என்று நீ எழுந்து நின்று சொன்னாய். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. உட்கார் என்றேன். கல்லூரியில் என் ஆசிரியர் சொல்லி நான் எழுதிக்கொண்ட குறிப்பில் 606 என்று இருந்தது. அவர் எடுத்தது ஏதோ பழைய புத்தகத்திலிருந்து. 1923இல் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று அச்சில் வெளியாகி, பாபிலோன் அரசர் நபொபொலாசரின் பதினான்காம் ஆட்சியாண்டில் நகரம் விழுந்தது என்று தெரிந்த பிறகு 606 செத்துப்போன ஆண்டு. என் நோட்டுக்கு மட்டும் தெரியவில்லை.

மறுநாள் மாவட்ட நூலகத்துக்குப் போய் நீ சொன்ன புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் பலகையைப் பற்றி எல்லாம் இருந்தது. திங்கட்கிழமை வகுப்பில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை நேராக ரோமாபுரிப் பாடத்துக்குப் போய்விட்டேன். அடுத்த வருடத்திலிருந்து எல்லா வகுப்புக்கும் 612 என்றே நடத்தினேன். உனக்கு மட்டும் சொல்லவில்லை.

அந்த விடைத்தாள் பச்சை டிரங்குப் பெட்டியில் இருந்தது. நேற்று எடுத்தேன். கூட்டல் 78. ஒன்றைச் சேர்த்து 79 என்று திருத்தி, தேதியும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு வருகிறது. 79 என்றால் அந்த வருடம் வகுப்பில் நீயும் ஸ்டேஷன் மாஸ்டர் மகளும் சமம்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.