பதனி பஸ் ஏறாது, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

"ரெண்டு லிட்டர் பதனி பிடிச்சு ராத்திரி பஸ்ல போட்டு விடுங்க மாமா" என்று கேட்டிருந்தாய். போட்டு விடலாம். நீ சென்னை கிளாம்பாக்கத்தில் வந்து வாங்கும்போது பாட்டில் மூடி உப்பியிருக்கும். திறந்தால் நுரை பொங்கிச் சட்டை நனையும், வாடையைப் பிடித்துப் பக்கத்தில் நிற்பவர் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார். பஸ்காரன் மேல் குற்றமில்லை. பதனியின் குணமே அதுதான்.

பனையின் பூக்குலையான பாளையிலிருந்து சொட்டும் சாறு நல்ல இனிப்பு. காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அதில் விழுந்த நிமிடத்திலிருந்து சாறைப் புளிக்கவைக்கத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் பனையேறி கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுகிறார். தடவினால் பதனி, தடவாவிட்டால் கள்; கள்ளுக்கு நம் மாநிலத்தில் 1987 முதல் தடை. சுண்ணாம்பு குறைந்தால் விடியும்போதே புளிப்பு தட்டும். கூடினால் நாக்கு வெந்துபோகும், அடியில் வெள்ளையாக மண்டி நிற்கும். அப்படி வந்தால் ஆட்டாமல் அரைமணி நேரம் தெளியவைத்து மேலாக இறுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை சுண்ணாம்பு என்று யாரும் அளந்து போடுவதில்லை, எல்லாம் விரல் கணக்கு.

அந்தச் சுண்ணாம்பும் சில மணி நேரத்துக்குத்தான் காவல். வெயில் ஏறினால் சாறு மாறத் தொடங்கும். ஐஸ் பெட்டியில் வைத்தால் தாமதமாகும், நிற்காது. இறுக்கி மூடினால் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கவும் கூடும். காய்ச்சினால் புளிப்பது நின்றுவிடும். ஆனால் காய்ச்சிய மறுநிமிடம் அது பதனி இல்லை, கருப்பட்டிக்குப் போகிற பாகு. சென்னையில் பாட்டிலில் அடைத்து விற்பதைக் குடித்துவிட்டு "ஊர் ருசி இல்லையே" என்று நீ புலம்பியதற்குக் காரணமும் இதுதான். சாலையோரத்தில் வாங்கினாலும் ஒன்றைக் கவனி: குடித்து முடித்த பிறகு தொண்டையில் கசப்பு நின்றால் தண்ணீரும் சாக்ரீன் என்ற செயற்கை இனிப்பும் கலந்திருக்கலாம்.

விலையைக் கேட்டு முகம் சுளிக்காதே. பாளையை நாரால் கட்டி, கடிப்பு என்ற இடுக்கியால் இடுக்கிப் பதம் செய்து, பிறகு நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒருநாள் சீவாவிட்டால் நுனி காய்ந்து சாறு அடைத்துக்கொள்ளும். அதனால் காலையும் மாலையும் அதே மரத்தில் ஏறி இறங்க வேண்டும்.

பஸ் ஏறக்கூடியது கருப்பட்டி. அதைத்தான் அனுப்புகிறேன், உடன்குடிச் சரக்கு. (1986-ல் மாவட்டம் பிரிந்து உடன்குடி தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது, நமக்கு என்னவோ இன்னும் நெல்லைச் சீமைதான்.) ஏழெட்டு லிட்டர் பதனியை வடிகட்டிக் காய்ச்சினால் ஒரு கிலோ தேறும். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார்கள். பாகைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, கையில் உருண்டால் இறக்கித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவார்கள். அங்கே நீயாக வாங்க நேர்ந்தால் உடைத்துப் பார். உடைந்த இடம் மங்கலான கரும்பழுப்பாக இருந்தால் நல்லது. மணிமணியாகப் பளபளத்தால் சீனி கலந்தது. நக்கினால் இனிப்புக்குப் பின்னால் லேசான உப்பும் கரிப்பும் வர வேண்டும். சில்லுக் கருப்பட்டியைக் காப்பிக்கு எடுக்காதே, அதில் ஏற்கெனவே சுக்கும் ஏலமும் கிடக்கும். மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும். ஊரில் அடுப்புப் புகை படும்படி பரணில் வைப்பார்கள். உன் பிளாட்டில் புகை ஏது? காற்றுப் புகாத டப்பாவே போதும், ஈரக்கை மட்டும் படக்கூடாது.

இரண்டு டம்ளர் காப்பிக்கு 400 மில்லி தண்ணீர், 40 கிராம் கருப்பட்டி. தட்டிப் போட்டுக் கரையவிட்டுக் கட்டாயம் வடிகட்டு. மணலும் ஓலைத் துணுக்கும் இருக்கும். அதைப் பார்த்து மட்டச் சரக்கு என்று நினைத்துவிடாதே. மறுபடி கொதி வந்ததும் ஒன்றரை ஸ்பூன் காப்பித்தூளும் பிடித்தால் கால் ஸ்பூன் சுக்குப்பொடியும் போட்டு உடனே அடுப்பை அணைத்து மூடு. நாலு நிமிடத்தில் தூள் அடியில் உட்கார்ந்துவிடும். கொதிக்கக் கொதிக்க விட்டால் கசக்கும். பால் வேண்டுமென்றால் தனியாகக் காய்ச்சி, டம்ளரில் கடைசியாக ஊற்று. கருப்பட்டித் தண்ணீரையும் பாலையும் சேர்த்து அடுப்பில் ஏற்றினால் பால் திரிந்துபோகும். உன் அத்தை பால் ஊற்றுவதையே ஒத்துக்கொள்ள மாட்டாள், அது வேறு கதை.

இது பதனிக்கு ஈடு என்று சொல்லவில்லை. மணிக்கணக்காகக் காய்ந்ததில் பச்சை வாசம் போய்க் கருகல் மணம் ஏறிவிடுகிறது. பதனிக்கு நீதான் வர வேண்டும். தை, மாசியிலேயே இறங்கத் தொடங்கினாலும் நுங்கும் சேர்ந்து கிடைப்பது சித்திரை, வைகாசியில். டிக்கெட்டை அந்தக் கணக்கில் போடு. திசையன்விளைப் பக்கம் காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் வந்தால் கிடைப்பதைக் குடிக்காதே. எவர்சில்வர் டம்ளரை நீட்டினால் வேண்டாம் என்று சொல், பனை ஓலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றச் சொல். குருத்தோலை வாசம் சேர்ந்தால்தான் நீ தேடுகிற ருசி. அந்தப் பதனியில் போடும் நுங்கு இளசாக, கட்டைவிரல் அழுத்தினால் உள்ளே போகிற பதத்தில் இருக்கட்டும். தோலோடு பட்டையில் போட்டுவிடாதே, துவர்க்கும்.

வருகிற தேதியை இரண்டு நாள் முன்னால் சொல். பனையேறியிடம் ஒரு கலயம் சொல்லி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா