நோட்டைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

யார் மகள், என்ன நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். என் மகள் பள்ளிச் சுற்றுச்சுவரில் சாக்பீஸால் தலைமையாசிரியரை வரைந்தாள். மூக்கு சற்றே நீளம்தான். திட்டினீர்கள், தண்ணீர் ஊற்றித் துடைக்க வைத்தீர்கள், வெள்ளையடிக்க 500 ரூபாய் கேட்டீர்கள். கட்டிவிட்டேன். எங்கள் ஐயா காலத்து வீட்டில், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த முட்டைச்சாந்துச் சுவரில் கிறுக்கியிருந்தால் நானே முதுகில் நாலு வைத்திருப்பேன். இது டிஸ்டெம்பர் சுவர். போகட்டும்.

ஆனால் அன்று அவளிடம் பறித்த நோட்டு இன்னும் வரவில்லை. 16 நாள் ஆகிறது. பின்பக்கம்தான் படங்கள், முன்பக்கம் முழுக்க அறிவியல். காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது. தினமும் சாயங்காலம் செக்காலையில் தோழி வீட்டு முகப்பில் உட்கார்ந்து, விளக்கு வைத்த பிறகும் அவள் நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறாள். தோழியும் அதே நோட்டில்தானே படிக்க வேண்டும்? அவள் ஆத்தா முகம் நேற்று அவ்வளவு நன்றாயில்லை. இன்று ஒரு டப்பா சீப்புச்சீடையோடு போய்வந்தேன். அந்த நோட்டைக் கொடுத்துவிடுங்கள்.

ஆண்டு விழாவில் கேலிச்சித்திரக்காரர் ஆர்.கே. லக்ஷ்மண் கதை சொன்னது உங்கள் மேடையில்தான். மைசூரில் ஓர் அரச இலையை வரைந்த பையனை வாத்தியார் பாராட்டினார், அவன் ஓவியனானான் என்றீர்கள். கைதட்டினோம். மீதியை ஏன் விட்டீர்கள்? 1921-இல் அந்த ஊரில் பிறந்த பிள்ளை வீட்டுத் தரை, சுவர், கதவு எதையும் விட்டுவைக்கவில்லை; வாத்தியார்களையும் கேலிச்சித்திரமாகக் கிறுக்கினார். இத்தனைக்கும் அப்பா தலைமையாசிரியர்! பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளி இடம் தர மறுத்தது. மைசூரிலேயே கல்லூரி படித்தார், 'கொரவஞ்சி' என்ற கன்னட நகைச்சுவைப் பத்திரிகைக்கு வரைந்தார். பிறகு தான் படைத்த கட்டம் போட்ட கோட்டுச் 'சாமானியன்' பாத்திரத்தைப் படத்தில் ஓர் ஓரமாக நிறுத்திக்கொண்டு மந்திரிகள் மூக்கையெல்லாம் நீட்டினார். யாரும் வெள்ளையடிக்கக் காசு கேட்டதாகத் தெரியவில்லை.

என் மகள் உங்கள் மேடைப் பேச்சை நம்பிவிட்டாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஓவியம் என்று டைம்டேபிளில் இருக்கிறது. ஜூனிலிருந்து அதில் கணக்குதான் நடக்கிறது. ஓவியத்துக்குக் கட்டிய பணத்தின் ரசீது என்னிடம் இருக்கிறது. பள்ளி வேனில் ஒட்டிய படத்தில் மட்டும் பிரஷ் பிடித்த குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டே ஊரைச் சுற்றுகிறது... சரி, எழுத வந்தது இதையல்ல.

நோட்டைக் கொடுங்கள். படப் பக்கங்களைக் கிழிக்காமல் கொடுங்கள். திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வேலையிருந்தால் வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்து வைத்தாலும் போதும். மூக்கு நீளத்துக்கு மன்னிப்புக் கடிதம் வேண்டுமென்றால் அவளிடம் எழுதி வாங்கி வருகிறேன், தயவுசெய்து அதில் படம் போடக்கூடாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
காரைக்குடி