சோதிக்காத கொதிகலனை ஏன் தருவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நீராவியில் ஓடும் சிறு மாதிரிப் படகுகளுக்கான எஞ்சின்களையும் செப்புக் கொதிகலன்களையும் கோவையில் உள்ள எங்கள் பட்டறையில் செய்து தருகிறோம் என்பதை அறிவீர்கள். வரும் தை முதல் நாளிலிருந்து ஒரு புதிய நடைமுறையைக் கொண்டுவருகிறோம். எங்கே செய்த கொதிகலனாக இருந்தாலும், தண்ணீர் அழுத்தச் சோதனையில் தேறாவிட்டால் அதை எங்கள் எஞ்சினோடு இணைத்துத் தர மாட்டோம். எங்களிடம் வாங்கியவற்றையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுசோதனைக்குக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கிற பாய்லருக்கு இத்தனை கெடுபிடியா என்று சிலர் தொலைபேசியில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்; அதற்கு விரிவாகப் பதில் சொல்லவே இம்மடல்.

நாங்கள் அதிகமாகச் செய்வது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள செப்புக் குழாயில் அமையும் கொதிகலன். அது வேலை செய்யும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ. வீட்டுக் குக்கரில் வெயிட் தூக்கும்போது இருப்பது ஏறக்குறைய 1 கிலோதான். குழாயின் முனையை மூடும் வட்டத் தகட்டின் பரப்பு 78 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அந்தத் தகட்டை உள்ளிருந்து 310 கிலோவுக்கும் மேற்பட்ட விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. நெல் மூட்டை நான்கை உள்ளங்கையளவு தகட்டின்மேல் அடுக்கியதற்கு இது சமம். உருளை வடிவம் இந்த விசையை எளிதாகத் தாங்கிக்கொள்ளும். தட்டைத் தகடு தாங்காது. அதனால்தான் இரு முனைத் தகடுகளையும் உள்ளே ஸ்டே கம்பிகளால் ஒன்றோடொன்று பிணைக்கிறோம். விலையைக் குறைப்பதற்காகக் கம்பி இல்லாமல் செய்து தரச் சொல்கிறவர்களிடம் மறுத்துவிடுவதற்கும் அதுவே காரணம்.

மூட்டுகளை உலோகம் உருக்கி ஒட்டும் பற்றவைப்பைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். சென்ற ஆவணியில், பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பேரனுக்காக வேறிடத்தில் வாங்கிய படகைக் கொண்டுவந்து, எஞ்சினை மட்டும் மாற்றித் தரச் சொன்னார். கொதிகலன் பளபளவென்று துலக்கப்பட்டிருந்தது. ஆனால் உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் நீர்மட்டக் கண்ணாடி பொருந்தும் கீழ்ப் புஷ்ஷை, அதாவது மரை வளையத்தை, சுற்றி மட்டும், நகக்கணு அகலத்துக்கு, சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. எப்போதோ ஒழுகியதை யாரோ ஈயத்தால் அடைத்திருக்கிறார்கள். கலனில் காற்றே இல்லாதபடி தண்ணீரை நிரப்பி, கைப்பம்பைப் பொருத்தி, மெதுவாக அழுத்தத்தை ஏற்றினோம். முள் 5 கிலோவைத் தாண்டியபோது அந்த வளையத்திலிருந்து தையல் நூலைப் போல ஒரு தண்ணீர்க் கீற்று பீறிட்டுப் பெரியவரின் சட்டைக் கையை நனைத்தது; முள் உடனே பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. நடந்தது அவ்வளவுதான். தண்ணீர் ஏறக்குறைய அமுங்காது என்பதால் அதில் சேமித்து வைக்கும் ஆற்றல் மிகக் குறைவு, ஆகவே உடைப்பு ஏற்பட்டாலும் ஒழுகலோடு நின்றுவிடும். அதே இடம் கொதிநிலையில் பிளந்திருந்தால், அழுத்தம் விழுந்த கணத்திலேயே உள்ளிருக்கும் நீரில் ஒரு பங்கு நீராவியாக மாறி, ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிந்து, பக்கத்தில் குனிந்து தீயைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் முகத்தில் அடித்திருக்கும்.

வழக்கமான ஈயப் பற்று 183 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கிவிடும். 4 கிலோ அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் சுமார் 150 டிகிரி. இடைவெளி வெறும் முப்பது டிகிரிதான். தண்ணீர் குறைந்து செம்பு காய ஆரம்பித்தால் அந்த இடைவெளி எவ்வளவு விரைவில் மறையும் என்பதை எண்ணிப் பாருங்கள். நாங்கள் பயன்படுத்தும் வெள்ளிப் பற்று 600 டிகிரிக்கு மேல்தான் இளகும். விலை மிகுதிதான், மறுக்கவில்லை. அண்மையில் எங்கள் கொதிகலன் விலை கூடியதற்கும் வெள்ளி விலையே முதற்காரணம். இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள்: ஒருமுறை ஈயம் பட்ட மூட்டில் பின்னர் வெள்ளிப் பற்று சரியாகப் பிடிக்காது. ஆகவே அந்தப் பெரியவரின் கொதிகலனைத் திருத்த எங்களால் இயலவில்லை. புதிதாகவே செய்து கொடுத்தோம். ஒழுகல் கண்டால் தயவுசெய்து நீங்களாக அடைக்காமல் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

அடுத்தது, அழுத்தம் மிகும்போது தானே திறந்து நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வு. படகு மெதுவாகப் போகிறது என்பதற்காக வால்வின் மரையை இறுக்கிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இது புதிய பழக்கமன்று. இங்கிலாந்தில் ரயில் எஞ்சின் ஓட்டுநர்கள் இப்படியே செய்ததால்தான், ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற பொறியாளர் 1850களில், ஓட்டுநர் கைவைத்துக் கூடுதலாக இறுக்க முடியாத வால்வை வடிவமைத்தார். இனி எங்கள் வால்வுகளை 4 கிலோவில் திறக்கும்படி அமைத்து ஈய முத்திரை வைத்தே அனுப்புவோம். முத்திரை உடைந்து வரும் கொதிகலனை முழுமையாகச் சோதித்த பிறகே திருப்பித் தருவோம். வேகம் போதவில்லை என்றால் குறை பெரும்பாலும் அழுத்தத்தில் இருப்பதில்லை. படகைத் தள்ளும் விசிறியின் அளவையும், சிலிண்டருக்குள் எண்ணெய் போகிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

இந்திய கொதிகலன் சட்டம் 1923இல் இயற்றப்பட்டது. 2007இல் வந்த திருத்தத்தின்படி 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ள கலன்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை; அதற்குப் பதிலாக 2025இல் வந்த புதிய கொதிகலன் சட்டத்திலும் இந்த விலக்கு தொடர்கிறது. அதாவது நம் கொதிகலன்களைப் பார்வையிட எந்த ஆய்வாளரும் வர மாட்டார். இதைச் சிலர் சலுகையாக எண்ணுகிறார்கள். எங்களுக்கோ, பொறுப்பு முழுவதும் செய்பவர், ஓட்டுபவர் ஆகிய இருவர் தலையிலேயே விழுகிறது என்றுதான் தோன்றுகிறது. 2001 ஜூலையில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மெடினா என்ற ஊரில், கண்காட்சிக்கு வந்த பழைய நீராவி இழுவை எஞ்சின் ஒன்றின் கொதிகலன் வெடித்து ஐந்து பேர் இறந்தனர். தீ எரியும் அறைக்கு மேலுள்ள தகடு நாளடைவில் மெலிந்திருந்தது. தண்ணீர் மட்டமும் தாழ்ந்திருந்தது. நம் கலன்களைவிட அது பன்மடங்கு பெரியது. ஆனாலும் தகடு மெலிவதும் தண்ணீர் குறைவதும் சிறிய கொதிகலனிலும் நேரக்கூடியவையே. அந்த விபத்துக்குப் பிறகே ஒஹாயோவில் இத்தகைய பழைய கொதிகலன்களுக்கு ஆய்வு கட்டாயமாக்கப்பட்டது.

நீர்மட்டக் கண்ணாடியைப் பற்றியும் ஒரு சொல். குழாய் மெல்லியதாக இருப்பதால் உள்ளே குமிழி சிக்கிக்கொண்டு, இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டும். தீ மூட்டிய பின் ஒவ்வொரு முறையும் கண்ணாடியின் அடியிலுள்ள வடிகுழாயை ஒரு நொடி திறந்து மூடுங்கள்; தண்ணீர் துள்ளி எழுந்து அதே மட்டத்தில் நின்றால் நம்பலாம். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றாதீர்கள். உப்புப் படிவு இந்தக் கண்ணாடியின் துளையைத்தான் முதலில் அடைக்கும். மழைநீர் மிகவும் நல்லது.

புதிய கொதிகலனை 8 கிலோவிலும், பயன்பாட்டில் இருந்ததை 6 கிலோவிலும் இருபது நிமிடம் நிறுத்திச் சோதிப்போம். விரும்புகிறவர்கள் அருகிலிருந்து பார்க்கலாம். பார்த்தால் எங்களுக்கு மகிழ்ச்சியே. எங்களிடம் வாங்கியவற்றுக்குக் கட்டணம் இல்லை. மற்றவற்றுக்கு 600 ரூபாய். கொண்டுவரும் முன் தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். மூட்டுகளைத் துலக்க வேண்டாம். கசிவின் பச்சைத் தடம் இருந்தால் அது அப்படியே எங்கள் கண்ணில் பட வேண்டும். சனிக்கிழமைகளில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை இந்த வேலையை மட்டுமே செய்வோம். பொங்கலுக்குப் பிந்தைய இரு வாரங்கள் நெரிசலாக இருக்கும் என்பதால், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவது நலம்.

இப்படிக்கு,
பட்டறையில் உள்ள அனைவரும்
கோவை