காது நிமிரும், கொஞ்சம் பொறு

சாவகச்சேரி,
மாசி மாதம்

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதமும் நாய்க்குட்டியின் படமும் கிடைத்தன. நல்ல வடிவான குட்டி. காலின் பருமனைப் பார்த்தால் பெரிய ஆளாகத்தான் வரும். ஒரு காது நிற்கிறது, மற்றது மடிந்து கிடக்கிறது என்று நீ இவ்வளவு கவலைப்பட்டு எழுதியிருப்பதால் வீட்டுச் செய்திகளைக் கடைசியில் சொல்கிறேன்.

நாலு மாதக் குட்டிக்கு இப்போது ஒன்றுமே செய்யத் தேவையில்லை. அல்சேசன், அதாவது ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டிகள் எல்லாம் தொங்கு காதோடுதான் பிறக்கின்றன. காதில் இருக்கும் குருத்தெலும்பு மெல்ல மெல்லத்தான் உறுதியாகும். சில குட்டிகளுக்கு மூன்று மாதத்திலேயே நிமிர்ந்துவிடும், சிலவற்றுக்கு ஆறேழு மாதம் செல்லும். இதற்கிடையில் 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்க வேண்டும். அந்தக் காலத்தில் நேற்று நின்ற காது இன்று சரிந்து கிடக்கும், நாளைக்கு இரண்டும் நடுத்தலையில் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். பல் முளைத்து முடியும்வரை காதைப் பற்றி ஒரு முடிவுக்கும் வராதே.

எனக்குப் பயம் உன் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக் கொடுக்கச் சொன்ன கல்சியக் குளிசையில்தான். பெரிய இனத்துக் குட்டிகளின் உடம்புக்கு மிஞ்சிய கல்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது. கொடுக்கக் கொடுக்க உள்ளே இழுக்கும். எலும்பின் வளர்ச்சி பிசகி மூட்டு நோவோடு நொண்டத் தொடங்கினால் காது நிமிர்ந்தும் என்ன பயன்? குட்டிகளுக்கென்று விற்கும் தீனியில் அளவாகக் கல்சியம் இருக்கிறது, அதற்கு மேல் வேண்டாம். வெறும் சோறும் மீனும்தான் சாப்பாடு என்றால் கதை வேறு. அதில் கல்சியம் குறையத்தான் செய்யும். அப்போதும் எவ்வளவு சேர்ப்பது என்று மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும். பூச்சி மருந்தையும் தவறாமல் கொடு. வயிற்றில் பூச்சி இருந்தால் தின்பது உடம்பில் ஒட்டாது.

பிள்ளைகள் ஆசையில் காதைப் பிடித்து மடக்கி விளையாடுவார்கள், அதை மட்டும் மறித்துவிடு. கடிப்பதற்குக் கெட்டியான ரப்பர் சாமான் ஏதாவது கொடு, பல் முளைக்கும்போது வரும் முரசு ஊறலுக்கு ஆறுதலாக இருக்கும். சமைத்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், சிராய்போல உடைந்து தொண்டையில் குத்தும். உண்ணி, தெள்ளு இருக்கிறதா என்று காதைத் திறந்து பார். கெட்ட மணமோ சிவப்போ தெரிந்தால் உடனே வைத்தியரிடம் காட்டு.

பல் முளைத்து முடிந்தும் நிற்காவிட்டால் பிளாஸ்டர் ஒட்டும் வழி ஒன்று இருக்கிறது. மெல்லிய ஸ்பொஞ்சை உள்ளே வைத்து, காற்றுப் போகும் பிளாஸ்டரால் இறுக்காமல் சுற்றுவார்கள். முதல்முறை வைத்தியர் கையால் செய்விப்பதுதான் நல்லது. எங்கள் பக்கத்துப் புழுக்கத்தில் உள்ளே வேர்த்து ஈரம் தங்கினால் புண்ணாகிவிடும், ஆகவே அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும். தீக்குச்சி, மட்டை, பசை என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே.

சரி, எல்லாம் செய்தும் நிமிராமலே போகலாம். தாய் தகப்பனிடமிருந்து வருவதை நாங்கள் மாற்ற முடியாது, கலப்புக் குட்டி என்றால் இன்னும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் முந்தி நின்ற நாய்க்கு ஒரு காது கடைசிவரை மடிந்தே இருந்தது. படலைச் சத்தத்தை எங்கள் எல்லோருக்கும் முதல் அதுதான் கேட்கும். கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்களுக்குத்தான் நிமிர்ந்த காது கட்டாயம். உனக்கு அந்தக் குட்டி வேண்டும், அவ்வளவுதானே.

இங்கே எல்லோரும் சுகம். பனங்கிழங்கு கிண்டி முடிந்தது, அம்மா ஒடியல் காயவிட்டிருக்கிறா, உனக்கென்று ஒரு பங்கு எடுத்து வைக்கிறேன். பங்குனித் திங்களுக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலில் பொங்க இருக்கிறோம். வவுனியாவிலிருந்து குடும்பமாக வா. ஊசிகள் எல்லாம் போட்டு முடிந்திருந்தால் குட்டியையும் கொண்டு வா, நேரில் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்