அந்தப் பட்டியலில் பாட்டியைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்டிருந்த அமெரிக்கக் குடியேறிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். குடும்ப வருமானத்தைத் தலைக்குப் பங்கு போட்டு நாடுவாரியாக ஒரு பட்டியல், அதில் பிரேசில்காரர்கள் நடுவாக்கில், பூட்டான்காரர்கள் கிட்டத்தட்ட அடியில். அதோடு விட்டிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். சொந்த முயற்சியில் வந்தவர்கள் மேலே போனார்கள், அரசாங்கம் கூட்டிவந்து சோறு போட்டவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு தீர்ப்பையும் கட்டுரையாளர் கடைசியில் சேர்த்துவிட்டார். அதுதான் உறுத்துகிறது.

நான் இருப்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் பக்கம். (ஆங்கில எழுத்தைப் பார்த்து வொர்செஸ்டர் என்று சொன்னால் இங்கே சிரிப்பார்கள்.) இந்த ஊரில் இரண்டு சமூகமும் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் மேசை ஒன்றில் ஏழெட்டு வருஷமாகப் பிப்ரவரி, மார்ச் சனிக்கிழமைகளில் உட்காருகிறேன். யார் என்ன சம்பாதிக்கிறார், எதற்குச் செலவழிக்கிறார் என்பதெல்லாம் அங்கே தானாகக் காதில் விழும். கீழே சொல்வதில் ஆட்களின் விவரத்தை மாற்றியிருக்கிறேன், யாரும் தேடிப்போக வேண்டாம்.

பூட்டான் குடும்பம் என்றால் தனி ஆளாக வரமாட்டார்கள். ஐந்து பேர், ஆறு பேர் சேர்ந்துதான் வருவார்கள். மகன் முன்னால் உட்காருவான், மருமகள் காகிதங்களை எடுத்துக் கொடுப்பாள், தாத்தாவும் பாட்டியும் சுவரோரம் நாற்காலியில். மூன்று டபிள்யூ-2 படிவம் (முதலாளி கொடுக்கும் வருடாந்திரச் சம்பளச் சான்று) இருக்கும்: ஒன்று ஹோட்டல் சலவைப் பிரிவு, ஒன்று கிடங்கில் இரவு ஷிப்ட், ஒன்று முதியோர் இல்லம். மூன்றையும் கூட்டினால் தொகை பார்க்க நன்றாகவே இருக்கும். அதை வீட்டில் இருக்கும் ஏழு பேருக்குப் பங்கு போட்டால்தான் விஷயம் தெரியும். ஒரு வீட்டில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன் விமானம் ஏறியபோது கொடுத்த வெள்ளைப் பிளாஸ்டிக் பையில்தான் இன்னும் எல்லாக் காகிதத்தையும் வைத்திருக்கிறார்கள். மேலே நீல நிறத்தில் ஐஓஎம் (பயணத்தை ஏற்பாடு செய்த சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு) என்ற எழுத்து பாதி அழிந்துவிட்டது. அதில் ஒருநாள் எதையோ தேடும்போது ஒரு பழைய ரசீது வெளியே வந்தது. தாத்தா அதை என் கையில் கொடுத்தார். 1957ஆம் வருஷத்து நிலவரி ரசீது.

அந்தத் தாளைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போகவேண்டும். தெற்கு பூட்டானில் தலைமுறைகளாக விவசாயம் செய்த, நேபாளி பேசும் மக்கள் இவர்கள். லோட்சாம்பா என்று பெயர். 1985இல் அங்கே புதுக் குடியுரிமைச் சட்டம் வந்தது, 1988இல் கணக்கெடுப்பு வந்தது, 1958இல் இந்த நாட்டில் இருந்ததற்கு ரசீது காட்டு என்றார்கள். 57 ரசீதும் 59 ரசீதும் செல்லவில்லை. அப்புறம் எல்லாரும் பூட்டானிய உடைதான் உடுத்தவேண்டும் என்று உத்தரவு, பள்ளியில் நேபாளிப் பாடம் நிறுத்தம், 1990இல் போராட்டம், அதற்குப் பதிலடியாகக் கைது, விரட்டல். ஒரு லட்சம் பேருக்கு மேல் கிழக்கு நேபாளத்தின் ஜாபா, மோரங் மாவட்டங்களில் ஏழு முகாம்களில் மூங்கில் குடிசைக்குள் வந்து சேர்ந்தார்கள். 1948இல் இலங்கையில் மலையகத் தமிழர்களிடம் உன் அப்பா இங்கே பிறந்தாரா, அத்தாட்சி எங்கே என்று கேட்ட கதை தெரிந்த உங்கள் வாசகர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

முகாமில் பதினேழு பதினெட்டு வருஷம். வெளியே போய் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி கிடையாது, ரேஷன் அரிசிதான். 2008இல் மூன்றாம் நாட்டுக்கு அனுப்பும் வேலை தொடங்கி, மொத்தம் 1,13,000 பேருக்கு மேல் போனார்கள், அதில் ஏறக்குறைய 96,000 பேர் அமெரிக்காவுக்கு. இப்போது ‘அரசாங்கம் சோறு போட்டது’ என்ற பேச்சுக்கு வருகிறேன். 2010க்கு முன் ஒரு அகதியைக் குடியமர்த்த வெளியுறவுத் துறை கொடுத்தது தலைக்கு 900 டாலர். அந்த வருஷம் 1,800 ஆக்கினார்கள், அதிலும் ஒரு பகுதி ஏற்பாடு செய்யும் அமைப்பின் செலவுக்குப் போய்விடும். விமான டிக்கெட்டுகூட இலவசம் இல்லை, கடன். வட்டி கிடையாது, சரி. ஆனால் வந்து ஆறு மாதத்தில் மாதத் தவணை தொடங்கிவிடும், குடும்பத்தில் எத்தனை தலையோ அத்தனை டிக்கெட். அதாவது இவர்களின் அமெரிக்க வாழ்க்கை பூஜ்யத்திலிருந்துகூடத் தொடங்கவில்லை, பூஜ்யத்துக்கும் கீழே இருந்து தொடங்கியது.

பிரேசில் கதை வேறு தினுசு. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் கவர்னடோர் வலடாரெஸ் என்று ஓர் ஊர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே மைக்கா (அப்பிரகம்) எடுக்க அமெரிக்கர்கள் வந்தார்கள், அந்தத் தொடர்பு அப்படியே ஒட்டிக்கொண்டது. 1980களில் பிரேசிலில் காலையில் ஒரு விலை மாலையில் ஒரு விலை என்று பணவீக்கம் தலைவிரித்து ஆடியபோது, அந்த ஊரிலிருந்து பாஸ்டன் பக்கம் ஆட்கள் கிளம்பினார்கள், ஒருவர் பின்னால் ஒருவராக. ஃப்ரேமிங்ஹாம், சாமர்வில், எவரெட் எல்லாம் அப்படித்தான் பாதி பிரேசில் ஊராக மாறின. வந்தவர்கள் யார்? டிக்கெட்டுக்குக் காசு புரட்ட முடிந்தவர்கள், சுற்றுலா விசா வாங்க முடிந்தவர்கள் அல்லது எல்லை தாண்ட ஏஜென்டுக்குக் கொடுக்க முடிந்தவர்கள். உடம்பில் தெம்புள்ள வயசுக்காரர்கள். அம்மாவையும் பாட்டியையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள்.

என் மேசைக்கு வரும் பிரேசில் பெண் தனியாகத்தான் வருவார். கையில் நீளமான நோட்டு. திங்கள் நாலு வீடு, செவ்வாய் ஐந்து வீடு என்று எழுதி, பக்கத்தில் வீட்டுக்கு எவ்வளவு என்று குறித்திருப்பார். இதற்கு அவர்கள் மொழியிலும் ‘ஷெட்யூல்’ என்றுதான் பேர். வீடு சுத்தம் செய்கிறவர்கள் பல வருஷம் சேர்த்த வாடிக்கை வீடுகளை மொத்தமாக இன்னொருவருக்கு விற்றுவிட்டு ஊர் திரும்புவதுண்டு. அந்தப் பட்டியலுக்கு ஒரு விலை, வாங்குகிறவர் கடன் வாங்கியாவது கொடுப்பார், கொடுத்த மறுநாளே வாளியும் வேக்குவமும் எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்குப் போவார். இதுவும் முதலீடுதான், எந்த வங்கியிலும் பதிவாகாத முதலீடு. நான் சொல்லும் பெண் ஊரில் பல் மருத்துவம் படித்தவர். ஒரு உதவியாளையும் வைத்திருக்கிறார். வருஷ முடிவில் அவர் கணக்கைக் கூட்டினால் அந்தப் பூட்டான் வீட்டில் மூன்று பேர் சம்பாதித்ததில் முக்கால்வாசி வந்துவிடும், ஒற்றை ஆளாக.

உங்கள் பட்டியல் சொல்வது இதைத்தான். இதுவரை தப்பில்லை. ஆனால் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.

அந்தப் பெண்ணிடம் சோஷியல் செக்யூரிட்டி எண், அதாவது சட்டப்படி வேலை செய்கிறவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் எண், இல்லை. 9இல் தொடங்கும் ஐடிஐஎன் எண்தான் இருக்கிறது, வரி கட்ட மட்டும் உதவும் எண். சுயதொழில் வரி 15.3 சதவீதம் கட்டுகிறார், அதில் பெரும்பங்கு ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது, அவர் பேரில் ஒரு பைசா வரவு வைக்கப்படாது. பூட்டான் குடும்பமோ அகதியாக வந்ததால் முதல் நாளிலிருந்து சட்டப்படி வேலை செய்யலாம், ஒரு வருஷத்தில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பம், ஐந்து வருஷத்தில் குடியுரிமைக்கு. குறைந்த வருமானக்காரருக்குத் திருப்பித் தரும் வரிச் சலுகை என்று ஒன்று இருக்கிறது. 2024 வருமானத்துக்கு மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு 7,830 டாலர் வரை வரும். சோஷியல் எண் இருந்தால் கிடைக்கும், ஐடிஐஎன் இருந்தால் கிடைக்காது. அந்தப் பணத்தில் பூட்டான் வீடுகளில் பழைய டொயோட்டா வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கார் வந்தால் பேருந்து போகாத இடத்தில் இருக்கும் கிடங்கு வேலை கிடைக்கும், அதில் மணிக்கு இரண்டு மூன்று டாலர் கூடுதல்.

இன்னொரு வேடிக்கை. அந்த விமான டிக்கெட் கடன் இருக்கிறதே, தவணை தவறாமல் கட்டினால் அதுவே இவர்களின் முதல் கிரெடிட் வரலாறு, கடனை ஒழுங்காக அடைத்ததற்கான பதிவு. பத்து வருஷம் கழித்து மூன்று சம்பளத்தையும் சேர்த்துக் காட்டி வீட்டுக்கடன் வாங்கும்போது அதுவும் கைகொடுக்கிறது. பிட்ஸ்பர்க் தெற்குப் புறநகர்களிலும், ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கத்து ரெனால்ட்ஸ்பர்கிலும் பூட்டானியர் வரிசையாக வீடு வாங்கியிருக்கிறார்கள், மளிகைக் கடையும் மோமோ கடையும் போட்டிருக்கிறார்கள். திரும்பிப் போக ஊர் இல்லாதவர்கள், அதனால் சம்பாதித்த காசு முழுக்க இங்கேயே இறங்குகிறது. பிரேசில்காரரின் காசில் ஒரு பகுதி வலடாரெஸில் மாடி வீடாக நிற்கும், அமெரிக்கக் கணக்கெடுப்பில் அந்த வீடு வராது. 2011இல் ஒரு டாலருக்கு ஒன்றரை ரியாலை ஒட்டித்தான் கிடைத்தது, 2020இல் ஐந்தைத் தாண்டியது. இங்கே அதே வீட்டை அதே கூலிக்குத் துடைத்தாலும் அங்கே மூன்று மடங்கு. இதை உங்கள் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வறுமை விகிதத்தையும் கட்டுரையில் எடுத்து வைத்திருந்தீர்கள். 2015 கணக்குப்படி அமெரிக்காவில் உள்ள பூட்டானியரில் 33.3 சதவீதம் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று ப்யூ ஆய்வு மையம் சொன்னது உண்மைதான், நாட்டுச் சராசரி அப்போது 15 சொச்சம். ஆனால் அன்றைக்கு அவர்களில் வந்து ஏழு வருஷத்துக்கு மேல் ஆனவர் கிட்டத்தட்ட யாருமே இல்லை. முப்பது வருஷமாக வந்துகொண்டிருந்த பிரேசில் கூட்டத்தோடு அவர்களை நிறுத்தி ஓட்டப்பந்தயம் வைத்தால் என்ன ஆகும்? பிறந்த நாட்டை வைத்துப் போடும் பட்டியலில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. முகாமில் பிறந்த மகன் நேபாளம் என்று எழுதுவான், அப்பா பூட்டான் என்று எழுதுவார். நன்றாகச் சம்பாதிக்கும் இளசுகள் நேபாளக் கணக்கில் போய்விட, பூட்டான் கணக்கில் முழங்கால் வலிக்காரர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். பிரேசில் பக்கமும் குளறுபடிதான். போர்ச்சுகீஸ் பேசுவதால் அவர்களை ஹிஸ்பானிக் (ஸ்பானிய வழி வந்தவர்கள்) என்று சேர்ப்பதில்லை. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் 2020 ஆய்வில் தரவைக் கையாண்டபோது நடந்த பிழையால் 4,16,000 பிரேசிலியர் அந்தப் பிரிவில் வந்தார்கள், முந்தைய வருஷம் அந்த எண்ணிக்கை வெறும் 14,000. மயாமியில் கடலோர அபார்ட்மெண்ட் வாங்குகிற சாவ் பாவ்லோ பணக்காரரும் எங்கள் ஊரில் கழிப்பறை கழுவும் பெண்ணும் ஒரே சராசரிக்குள்.

சரி, யார்தான் நன்றாக இருக்கிறார்கள் என்று கேட்டால்? இந்த வருஷக் கையிருப்பைக் கேட்டால் பிரேசில், பத்து வருஷம் கழித்து வீட்டுப் பத்திரம் யார் கையில் என்று கேட்டால் பூட்டான். சில வருஷம் முன்வரை இதைத் தயங்காமல் சொல்லியிருப்பேன். 2025 மார்ச்சில், ஏதோ ஒரு வழக்கில் தண்டனை பெற்ற பூட்டானிய அகதிகளை அமெரிக்கா பூட்டானுக்கே நாடு கடத்தத் தொடங்கியது. பூட்டான் அவர்களை ஏற்காமல் உடனே இந்திய எல்லைக்குக் கொண்டுபோய் விட்டது, சிலர் மறுபடி அதே நேபாள முகாமில். அதே வருஷம் மே மாதம் எங்கள் வூஸ்டரில் நடுத்தெருவில் ஒரு பிரேசில் பெண்ணைக் குடிவரவு அதிகாரிகள் பிடித்ததும், அக்கம்பக்கத்தார் கூடிச் சுற்றிவளைத்ததும் செய்தியில் வந்தது. அதற்கப்புறம் பல வீட்டுக்காரர்கள் என் மேசைக்கு வரும் பெண்ணின் நோட்டிலிருந்து கழன்றுகொண்டார்கள் என்றில்லை, அவரே சில ஊர்ப் பக்கம் வண்டி ஓட்டிப் போவதை நிறுத்திவிட்டார். நோட்டில் வியாழக்கிழமை இப்போது காலி.

கடைசியாகப் பாட்டிக்கு வருகிறேன். பூட்டானியர் வீட்டில் தலைக்கு வரும் வருமானத்தைக் கீழே இழுப்பது பெரும்பாலும் அவர்தான். அவருக்கு ஆங்கிலம் வராது, நேபாளியும் எழுதப் படிக்கத் தெரியாது, முதியோர் உதவித்தொகை அகதிக்கு ஏழு வருஷம்தான், அதற்குள் குடியுரிமைத் தேர்வு எழுதியாக வேண்டும். வேலை கிடைக்காத, பேச ஆளில்லாத ஆண்கள் நிலைமை இன்னும் மோசம். 2009 பிப்ரவரிக்கும் 2012 பிப்ரவரிக்கும் இடையில் இங்கு வந்த பூட்டானியரில் 16 பேர் தற்கொலை செய்துகொண்டதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தது, லட்சத்துக்கு 20.3 என்ற விகிதம், நாட்டு மொத்தத்துக்கு 12.4. பிரேசில்காரர்களின் பாட்டிகள் மினாஸில் இருக்கிறார்கள். அவர்கள் எந்த அமெரிக்கப் பட்டியலையும் கீழே இழுப்பதில்லை. மகள் அவர்களைப் பார்த்துப் பதினாலு வருஷம் ஆகிறது. போனால் திரும்ப உள்ளே வர முடியாது. அடுத்த முறை இப்படிப் பட்டியல் போட்டால், குடும்பத்தில் எத்தனை பேர், வந்து எத்தனை வருஷம், என்ன காகிதத்தில் வந்தார்கள் என்று மூன்று கட்டமாவது சேர்த்துப் போடுங்கள்.

இந்த வருஷம் கணக்கை முடித்துக் கையெழுத்து வாங்கும்போது அந்தப் பெண், நான் கட்டும் இந்த 15.3 வயசான காலத்தில் திரும்ப வருமா என்று கேட்டார். வராது என்றேன். பரவாயில்லை, என்றைக்காவது சட்டம் மாறினால் இத்தனை வருஷம் இங்கே இருந்தேன், ஒழுங்காக வரி கட்டினேன் என்று காட்ட ரசீது இருக்கவேண்டும், இரண்டு நகல் கொடுங்கள் என்றார். அந்தத் தாத்தாவின் 1957 ரசீது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வூஸ்டர், மாசசூசெட்ஸ்