ஒரே தாள் எல்லோருக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவுச்சத்து பற்றிய அரசுப் பரிந்துரையை அப்படியே பின்பற்றினால் யாருக்கும் குறை வராது என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. நோய்நொடி இல்லாதவர்களுக்குச் சரி. ‘யாருக்கும்’ என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டுரை காட்டும் அமெரிக்க அளவையே எடுத்துக்கொள்வோம். தினசரி கலோரியில் 45 முதல் 65 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வரலாம். நாளுக்குக் குறைந்தது 130 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது மூளை செலவழிக்கும் குளுக்கோஸை வைத்துப் போட்ட கணக்கு. இரண்டுமே ஆரோக்கியமான மக்களை மனதில் வைத்து வகுத்தவை. ஆனால் என் கணவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்று, மருத்துவமனையில் கையில் கொடுத்ததும் இதே சதவீதங்கள் அச்சடித்த தாள்தான். நாங்கள் இருவரும் சாப்பிடுவது ஒரே காலை உணவு. இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை எனக்கு 120-ஐ ஒட்டி நிற்கும். அவருக்கு 220-ஐத் தாண்டும். மருத்துவரைக் கேட்டு மாவுச்சத்தைப் பாதியாக்கி, முட்டையும் காய்கறியும் கூட்டிய பிறகுதான் அந்த எண் இறங்கியது.

அமெரிக்க நீரிழிவுச் சங்கமே 2019 அறிக்கையில், நீரிழிவு உள்ள எல்லோருக்கும் பொருந்தும் மாவுச்சத்து விகிதம் என்று ஒன்று இல்லை என்கிறது. நோய் இல்லாதவர்களிடமும் இந்த வேறுபாடு உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையம் 800 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவுக்கு ஒவ்வொருவர் ரத்தச் சர்க்கரையும் ஒவ்வொரு விதமாக ஏறியது.

உடனே ‘மாவுச்சத்தே விஷம்’ என்று கிளம்புகிறவர்கள் என்னைத் துணைக்கு அழைக்க வேண்டாம். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 609 பேர் ஓராண்டு மாவுச்சத்தையோ கொழுப்பையோ குறைத்துச் சாப்பிட்டார்கள். சராசரி எடைக் குறைவில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு அணியிலும் நன்றாக இளைத்தவர்களும் உண்டு, எடை கூடியவர்களும் உண்டு. அப்புறம், இன்சுலின் போடுகிறவர் மருந்தளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் வெட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

பரிந்துரையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. முழுத்தானியம், பருப்பு, காய், பழம் வழியாக மாவுச்சத்தைப் பெறுங்கள், நாளுக்கு 25 கிராமாவது நார்ச்சத்து சேருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது பெரும்பாலானவர்களுக்கு நல்ல யோசனை. நான் கேட்பது, அந்தத் தாளின் தலைப்பிலேயே ‘நீரிழிவு உள்ளவர்களுக்கான அளவு இதுவல்ல, மருத்துவரைக் கேளுங்கள்’ என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. உங்கள் அடுத்த கட்டுரையிலும் அது இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி